வெள்ளிப்பாறை லைன்

என் பெயரைச் சேஷம்மாள் தன் வாயால் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதையும் நான் கேட்கவில்லை. தபாலாபீசில் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள். அவள் அதைத் திருப்பிச் சொன்னதைத்தான் நான் கேட்டேன். இப்போதும் பக்கத்து வீட்டில் டெலிபோன் மணி அடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஐக்கிய கேரளம் வந்த மறு வருஷத்து மழைக்காலம் அது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் என்னோடு டைப் படித்தவர்களெல்லாம் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள். நான் மலையேறினேன். சின்னக்கானலைத் தாண்டி ரோடு முடிகிற இடத்தில் வெள்ளிப்பாறை எஸ்டேட். அங்கே நான் இரண்டாம் கிளார்க். ஹெட் கிளார்க் ராமபத்ரனும் எங்கள் ஊர்க்காரர், பக்கத்துத் தெரு. தொழிலாளர்கள் அவரைப் பெரிய ஐயர் என்றும் என்னைச் சின்ன ஐயர் என்றும் சொல்வார்கள். ஆபீசுக்குச் சற்றுத் தள்ளிச் சிப்பந்திகளுக்கென்று கட்டிய வரிசை வீடுகள். அதில் கோடி வீட்டில் நானும் சேஷம்மாளும் எங்கள் பெண் குழந்தையும் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் மலை செங்குத்தாக ஏறியது. முன்னால் தேயிலைச் சரிவு. சரிவுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் தொழிலாளர்கள் கட்டிய மாதா கோயில். ஆபீசிலிருந்து இறங்கி அங்கே ஏறக் கல்படிகள் இருந்தன.

ஆபீஸ் சுவரில் டெலிபோன் இருந்தது. மரப்பெட்டி, பக்கவாட்டில் சுற்றுகிற கைப்பிடி, மேலே இரண்டு மணிகள். கீழே பஜார் தபாலாபீசிலிருந்து புறப்படும் ஒரே கம்பி வழியில் நான்கு எஸ்டேட் ஆபீஸ்களைத் தொட்டுக்கொண்டு ஐந்தாவதாக எங்களிடம் வந்து முடியும். அதனால் அதற்கு வெள்ளிப்பாறை லைன் என்று பெயர். யார் எங்கே கைப்பிடியைச் சுற்றினாலும் ஐந்து ஆபீசிலும் மணி அடிக்கும். யார் எடுத்தாலும் மற்றவர்கள் பேசுவது கேட்கும். எந்த எஸ்டேட் மேனேஜருக்கு மாமியாரோடு ஆகாது என்பது மலை முழுக்கத் தெரிந்திருந்தது அப்படித்தான். ராமபத்ரன் சில நாள் மத்தியானம் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கேட்டால் கதாகாலட்சேபம் என்பார்.

ஆபீசைப் பெருக்க வரும் செபமாலையம்மாள் அந்தப் பெட்டிக்கு நேர் கீழே மட்டும் பெருக்கமாட்டாள். துடைப்பத்தை நீட்டி, தூர நின்று இழுப்பாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சேஷம்மாளிடம் அவளுக்குத் தனிப் பிரியம். இருவருக்கும் டெலிபோனைப் பற்றி ஒரே அபிப்பிராயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் யாருமில்லாதபோது காபி கொண்டுவந்த சேஷம்மாளுக்கு அதைக் காட்டிக்கொடுத்தேன். கைப்பிடியை இப்படிச் சுற்ற வேண்டும், ரிசீவரை இப்படி எடுக்க வேண்டும், பஜார் தபாலாபீசில் சிசிலி என்று ஒரு பெண் எடுப்பாள், யார் வேண்டும் என்று கேட்பாள், சொன்னால் கூப்பிட்டுக் கொடுப்பாள்.

"அவ கேட்டா என்ன சொல்லணும்?" என்றாள்.

என் பெயரைச் சொல்ல வேண்டும் என்றேன். அவள் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். அப்படியானால் இது தனக்கு ஆகாத வஸ்து என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் முழுமனதாக நம்பினாள். கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டால், கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். குழந்தைக்கு என் அம்மாவின் பெயரை வைத்திருந்தோம். மாமியார் பெயரையும் சொல்லக்கூடாது என்பதால் பெற்ற பெண்ணையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மிணி என்பாள். நான் அம்மிணி அப்பா. பாலக்காட்டில் பாதி வீட்டில் ஒரு அம்மிணி உண்டு, ஆனால் எங்கள் வீட்டுக்குள் அது போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் மழை ஆனியில் பிடித்து விடவேயில்லை. பள்ளிவாசல் நீர்மின் நிலையத்திலிருந்து வரும் மின்சாரம் அடிக்கடி நின்றது. ஃபாக்டரியில் இலை புளித்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையடியில் ஒரு ஊற்று. மூங்கிலைப் பிளந்து அதிலிருந்து ஜலம் கொண்டுவந்திருந்தோம். கோடையிலும் நிற்காத ஜலம். ஒரு சாயங்காலம் அது செம்மண் நிறமாக வந்தது. நான் பாத்திரத்தில் பிடித்து மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மழைக்காலத்தில் ஜலம் கலங்காமல் வேறென்ன செய்யும், மழை விட்டதும் ஆளை அனுப்பி வழியைச் சுத்தம் செய்யச் சொல்கிறேன் என்றார். பாத்திரத்து ஜலத்தை அவர் வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் என்னையும் ராமபத்ரனையும் பஜாருக்குப் போகச் சொன்னார். ஃபாக்டரியில் இலை உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு பாகம் உடைந்துவிட்டது. கொச்சியிலுள்ள ஏஜெண்டுக்குத் தந்தி அடிக்க வேண்டும், பஜார் கிடங்குக்கு வந்திருக்கும் சாமான்களுக்கும் கையெழுத்துப் போட்டு லாரியில் ஏற்றிவர வேண்டும். கிளம்பும்போது வீட்டுக் கதவு தரையில் உரசியது. மழையில் மரம் ஊறியிருக்கும் என்று சொல்லிவிட்டு இழுத்துச் சாத்தினேன். சேஷம்மாள் உள்ளேயிருந்து மறுபடி திறந்து, குடையைக் கொடுத்தாள்.

லாரி ஓட்டுகிற குப்பண்ணன் பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதிக்காரர். வழியெல்லாம் மேட்டுப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். யானை வளைவு என்று சொல்கிற இடத்தில் ரோட்டின் குறுக்கே மயிர்க்கோடுபோல ஒரு பிளவு. இறங்கிப் பார்த்துவிட்டு வந்தவர், "ஏனுங்க சாமி, திரும்பறப்ப வெளிச்சத்துலயே வந்தர்லாமுங்க," என்றார். ராமபத்ரன், பயமாக இருந்தால் லாரியைத் தான் ஓட்டுவதாகச் சொன்னார். குப்பண்ணன், அப்படியானால் தான் இறங்கி நடந்து வருவதாகச் சொன்னார். சிரித்தோம். நான் மட்டும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன். பிளவின் ஓரத்திலிருந்து ஒரு புழு தலையை நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

பஜார் தபாலாபீஸ் ஒரே அறை. ஒரு பக்கம் தபாலும் தந்தியும், மறுபக்கம் சுவரோரமாக டெலிபோன் போர்டு. அதில் வரிசையாகச் சின்னப் பித்தளை மூடிகள். மலையில் யாராவது கைப்பிடியைச் சுற்றினால் அந்த லைனுக்கான மூடி டக்கென்று விழும். சிசிலி கயிற்று முனையைச் சொருகிப் பேசுவாள். அவளுக்கு நெய்யாற்றங்கரைப் பக்கம். தமிழும் மலையாளமும் கலந்து வரும். மழைக்கு ஒதுங்கியவர்களும் தந்தி அடிக்க வந்தவர்களுமாக அன்று அறை நிறைந்திருந்தது. எதிர்த்த ஜவுளிக்கடையில் ரேடியோவை உரக்க வைத்திருந்தார்கள். டில்லியில் யாரோ யாரையோ சந்தித்ததாகச் செய்தி. பிறகு வீணை. எங்கள் மலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தந்திக்கு வார்த்தைகளைக் குறைத்து எழுதிக்கொண்டிருந்தபோது போர்டில் ஒரு மூடி விழுந்தது. வெள்ளிப்பாறை லைன். ஐந்து எஸ்டேட்டில் எதுவாகவும் இருக்கலாம்.

சிசிலி பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. எந்த எஸ்டேட் என்று கேட்டாள். வெள்ளிப்பாறை லைன் என்பது தெரிகிறது, எந்த ஆபீஸ் என்றாள். இரைச்சலாக இருக்கிறது, உரக்கச் சொல்லுங்கள் என்றாள். யார் வேண்டும் என்றாள். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"யாரோ ஒரு அம்மா. லாரியில வந்தவரைக் கூப்பிடணுமாம்."

அறையிலிருந்த பாதிப்பேர் லாரியில் வந்தவர்கள். ஒருவர், லாரியே வேண்டுமானாலும் அனுப்பி வைக்கலாம் என்றார். சிசிலி சிரிக்காமல் மறுபடி பேசினாள். மறுபடி திரும்பினாள். அம்மிணியோட அப்பாவாம் என்றாள்.

ராமபத்ரன் தலையை நிமிர்த்தி, "எங்காத்துலயும் ஒரு அம்மிணி உண்டு. ஆனா அவ அம்மா பிரசவத்துக்குப் போய்ப் பாலக்காட்டுல இருக்கா. பஞ்சு, நோக்கும் ஒரு அம்மிணி உண்டோன்னோ?" என்றார். அதற்குள் மரக் காண்டிராக்ட் எடுக்கும் ஒரு நாயர், தன் வீட்டிலும் அம்மிணி இருக்கிறாள், தன் மனைவிக்கு எஸ்டேட் ஆபீசில் போய்ப் பேசுகிற பழக்கம் உண்டு என்று சொல்லி முன்னால் போனார். நான் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். ஆனால் நகரவில்லை. சேஷம்மாள் அந்தப் பெட்டியைத் தொடமாட்டாள். தொட வேண்டிய காரியம் ஒன்று அங்கே நடக்கிறது என்று நினைக்க நான் தயாராக இல்லை.

நாயருடைய ஊர்ப் பெயரைக் கேட்டு, அதை ரிசீவரில் சொன்ன சிசிலி, இல்லையாம் என்று அவரை நகரச் சொன்னாள். பிறகு பொறுமையாக, பெயரைச் சொன்னால்தான் கூப்பிட முடியும் என்று ரிசீவரில் சொன்னாள். பேர் சொல்லுங்க அம்மா. பேர்.

அப்புறம், முடியாதும்மா என்று எதற்கோ சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எங்களுக்கு முதுகு காட்டி, முழுதாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவரில் ஒன்றும் இல்லை. காரை பெயர்ந்த வெள்ளைச் சுவர். ஏன் திரும்பினாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவள் பின்னல் மட்டும் தெரிந்தது. எதற்கோ சரி என்றாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"பஞ்சாபகேசன்," என்றாள். "பஞ்சாபகேசன்னு யாராவது இருக்கீங்களா?"

அவள் என்ன விஷயம் என்று சொல்லவில்லை. எனக்கு விஷயம் தேவைப்படவில்லை. சேஷம்மாள் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள் என்றால், எங்கள் வீட்டில் இனி சொல்லக்கூடாதது என்று எதுவும் மிச்சமில்லை. குருக்கள் முன்னால் சொல்லாதவள் ஒரு கம்பியிடம் சொல்லியிருக்கிறாள். ராமபத்ரன் என் தோளைப் பிடித்துத் தள்ளியது தெரிந்தது. நான் போய் ரிசீவரை வாங்கினேன்.

மழைச் சத்தம் இங்கே ஒன்று, அதற்குள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே அவள்.

"அம்மிணி அப்பாவா?"

"நான்தான் சேஷி. என்ன?"

"ஆத்துக் கதவு சாத்த மாட்டேங்கறது," என்றாள். "ஊத்து நின்னுடுத்து. இத்தனை மழையில ஒரு சொட்டு வரலை. மலைக்குள்ளேர்ந்து ஒரு சத்தம் வரது, உலை கொதிக்கறாப்பல."

குழந்தை எங்கே என்று கேட்டேன். செபமாலையம்மாள் தூக்கிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டாள் என்றாள். மேனேஜரும் ஆண்களும் கீழ்ப்பக்கத்தில் ரோட்டில் விழுந்த மண்ணை வெட்டப் போயிருக்கிறார்கள். தொழிலாளர் லயத்துப் பெண்களெல்லாம் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள்.

"நீ ஏன் போகலை?"

"சாயந்தரம் லாரியில வரண்டாம், கேட்டேளா. யானை வளைவுல ரோடு ரெண்டாப் பொளந்திருக்காம். தபால்காரன் சொன்னான். அதச் சொல்லத்தான் நின்னேன்."

வரமாட்டேன் என்றேன். நீ உடனே கோயிலுக்குப் போ, சரிவு வழியாகப் போகாதே, படி வழியாகப் போ என்றேன். சரி என்றாள். ஆனால் வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் வைக்கவில்லை. அவள் வைக்கிற சத்தத்தைக் கேட்டால்தான் அவள் போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"இன்னும் ஏன் நிக்கறே?"

"நீங்க வையுங்கோ," என்றாள்.

நான் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுகிறவள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அறையை விட்டுப் போகாதவள். அந்தப் பெட்டியின் முன்னாலும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மலை கொதித்துக்கொண்டிருந்தது.

"சேஷி, நீ மொதல்ல வை. வெச்சுட்டு ஓடு. நான் சொல்றேன்."

பிறகு அவள், "சரி. போயிட்டு வரேன்," என்றாள். ரிசீவரைக் கொக்கியில் மாட்டுகிற சத்தம் வந்தது. மெதுவாக மாட்டினாள், உடைந்துவிடும் சாமானை வைப்பதுபோல.

நான் ரிசீவரைச் சிசிலியிடம் கொடுக்கவில்லை. திரும்ப ஒரு மணி அடிக்கச் சொன்னேன். எதற்கு என்றாள். யாரும் எடுக்கவில்லையென்றால் போய்விட்டாள் என்று தெரிந்துகொள்ளலாம் என்றேன்.

சிசிலி தன் பக்கத்துக் கைப்பிடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "மாட்டேன் சார். மணி அடிச்சா அவங்க திரும்பி வருவாங்க."

அவள் சொன்னது உண்மை. மணி அடித்தால் நான் இன்னும் ஏதோ சொல்ல மறந்துவிட்டேன் என்று சேஷம்மாள் திரும்பி வந்து எடுப்பாள். நான் கையை எடுத்துவிட்டேன். ரிசீவரைப் போர்டின் மேல் வைத்தேன். சிசிலி இன்னும் கைப்பிடியை விடவில்லை. எதிர்க்கடை ரேடியோவில் இன்னும் வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது போர்டில் மூடி விழுந்தது. வெள்ளிப்பாறை லைன்.

திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சிசிலி கயிற்றைச் சொருகி, ஹலோ என்றாள். மறுபடி ஹலோ என்றாள். ரிசீவரை என் காதில் வைத்தாள். ஒரு குரலும் இல்லை. ஏதோ தூரத்தில் தேய்கிற சத்தம் கொஞ்சம் இருந்தது. அதுவும் நின்றது. அதற்குப் பிறகு வந்த நிசப்தத்தைப்போல ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. சாதாரணமாக ஒரு லைனில் யாரும் பேசாவிட்டாலும் உயிர் இருக்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு இருக்கும். அது இல்லை.

குப்பண்ணன் லாரியை எடுத்தார். வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன், போனேன். யானை வளைவுக்கு முன்னாலேயே அவர் நிறுத்திவிட்டார். இதற்கு மேல் வண்டி போகாது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோடு பாதியில் முடிந்து, அந்தப் பக்கம் வெறும் ஆகாசமாக இருந்தது. டெலிபோன் கம்பம் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் மேலேறிக் காட்டுக்குள் நடந்தோம். ராமபத்ரன் வழியெல்லாம் விஷ்ணு சகஸ்ரநாமத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் வரி மறந்துபோனது. மறந்த இடத்திலிருந்தே மறுபடி மறுபடி தொடங்கினார். அவரை நிறுத்தச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

மேட்டிலிருந்து பார்த்தபோது எஸ்டேட் ஆபீஸ் தெரிந்தது. ஓடு கூடக் கலையாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் இருண்டது. அப்புறம்தான் மற்றதைப் பார்த்தேன். எங்கள் வரிசை வீடுகள் இல்லை. ஆபீசுக்கும் மாதா கோயில் மேட்டுக்கும் நடுவில் இருந்த படிகள் இல்லை. அந்த இடத்தில் மலையிலிருந்து பள்ளத்தாக்கு வரை ஒரு சிவப்புப் பட்டை, ஈரமாக, இன்னும் அசைந்துகொண்டு.

கோயிலுக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். செபமாலையம்மாள் மடியில் அம்மிணி தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தையின் காதைக் கையால் மூடினாள்.

சேஷம்மாள் ஆபீசை விட்டு வெளியே வந்ததை எல்லோரும் பார்த்ததாகச் சொன்னாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாளாம். தலைப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி, இந்தப் பக்கம் ஏறத் தொடங்கினாளாம். மேட்டிலிருந்து எல்லோரும் கையை ஆட்டியிருக்கிறார்கள். அவளும் ஆட்டியிருக்கிறாள்.

"பாதி தூரம் வந்துட்டாக ஐயா. வந்தவுக நின்னாக. நின்னு ஆபீசைத் திரும்பிப் பாத்தாக. எங்களுக்கும் கேட்டுச்சு." செபமாலையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மணி அடிச்சுச்சு ஐயா. நீங்கதான் அடிச்சீகளா?"

நான் இல்லை என்றேன். அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. சேஷம்மாள் திரும்பி ஒரு படி இறங்கினாள், அப்புறம் மலை வந்துவிட்டது என்றாள்.

மறுநாள் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது கீழ்த் தேயிலைச் சரிவில் அவளைக் கண்டெடுத்தார்கள். ஆபீசைத் திறந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ரிசீவர் கொக்கியில் நேராக மாட்டியிருந்தது. கைப்பிடியில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. சமையலைப் பாதியில் விட்டு வந்திருக்கிறாள்.

கல்பாத்தியில் காரியம் நடந்தபோது உறவுக்காரப் பெண்கள் எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டார்கள். பேரைச் சொல்லிவிட்டாள், அவன் ஆயுசு குறைய வேண்டியதைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று. பதிவிரதை என்றார்கள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். என் பயம் வேறு. ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பெட்டியின் மேலிருக்கும் இரண்டு மணிகளும் தெரிந்தன. யார் அடித்தார்கள்? சிசிலி கையை எடுத்த பிறகு நான் பார்த்தேனா? நான் லாரிக்கு ஓடிய பிறகு, பாவம், போய்விட்டாளா என்று பார்க்க அவளே ஒரு தடவை சுற்றினாளா? நேரம் பொருந்தாது என்று புத்திக்குத் தெரியும். புத்தி சொல்வதைப் பயம் கேட்பதில்லை.

வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு பாலக்காட்டுக்கே போவதென்று முடிவானது. கணக்கை ஒப்படைக்க மலைக்கு வந்தவன், திரும்பும்போது பஜார் தபாலாபீசில் இறங்கினேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கூட்டம் இல்லை. சிசிலி என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நான் உட்காரவில்லை. கேட்க வந்ததை அப்படியே கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. அன்றைக்கு அவள் கைப்பிடியைத் தொடவில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தாள். அவளும் இதையே நினைத்துத் தூங்காமல் இருந்து, லைன் சரிசெய்ய வந்தவரிடம் கேட்டிருக்கிறாள். கம்பம் சாயும்போது டெலிபோன் கம்பி மின்சாரக் கம்பியில் பட்டிருக்கும், அப்படிப் பட்டால் இந்தப் பக்கம் மூடி விழும், அந்தப் பக்கம் மணி அடிக்கும், ஆள் வேண்டியதில்லை என்று அவர் சொன்னாராம். மூடி விழுந்ததை நாம் இருவரும் பார்த்தோமே என்றாள். அப்போது உங்கள் கையும் என் கையும் எங்கே இருந்தன என்று நீங்களே பார்த்தீர்களே என்றாள்.

ஆமாம், பார்த்தேன். தலையை ஆட்டினேன். கிளம்பத் திரும்பினேன்.

"சார்," என்றாள். "ஒண்ணு சொல்லணும். சொல்லலாமான்னு தெரியலை."

நின்றேன்.

"பேர் கேட்டப்ப அவங்க சொல்லலை. அப்புறம், நீ என்னைப் பாத்துண்டிருக்கியான்னு கேட்டாங்க. இதுல பாக்க முடியாதும்மான்னேன். பரவாயில்லை, நீ அந்தண்டை திரும்பிக்கோ, அப்பத்தான் சொல்லுவேன்னாங்க." சிசிலி சுவரைப் பார்த்தாள். "நான் திரும்பினது அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது சார். ஆனாலும் திரும்பினேன். திரும்பிட்டியான்னாங்க. சரின்னேன். அதுக்கப்புறம்தான் சொன்னாங்க."

அவள் முதுகும் பின்னலும், காரை பெயர்ந்த சுவரும் எனக்கு நினைவுக்கு வந்தன. எப்படிச் சொன்னாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

சிசிலி ஆபீசில் வேறு யாரும் இல்லையென்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று போலவே எனக்கு முதுகு காட்டிச் சுவர்ப்பக்கம் முழுதாகத் திரும்பினாள். பிறகு என் பெயரை, யாரோ தூங்குகிற வீட்டில் சொல்வதுபோல, ஒரே ஒரு தடவை சொன்னாள்.

போர்டில் ஏதோ ஒரு மூடி விழுந்தது. எந்த லைன் என்று பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.